வேகம் கேட்டுப் போனால் அறுபதில் உட்காரவைக்கும் மாஸ்டர்

ஒரே மாதத்தில் பத்துப் பாட்டு படித்து ரீல்ஸ் போட வேண்டும் என்றிருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இந்த வகுப்பு உங்களுக்கு ஒத்துவராது. வருஷக்கணக்கில் கிட்டார் கையில் இருந்தும் பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டு, அதை மொத்தமாக வருடி அடிக்கிற ஸ்ட்ரம், இந்த இரண்டையும் தாண்ட முடியாமல் நிற்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். களியக்காவிளை சுற்றுவட்டாரத்தில், எனக்குத் தெரிந்து, அவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பெயர்ப்பலகை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி "கிட்டார் மாஸ்டர் வீடு" என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவிடுவார்கள். மாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு பேட்ச்சுக்கு நாலு பேர்தான். மாதம் 1000 ரூபாய், வாரம் ஒரு மணி நேரம். பாதிப் பிள்ளைகள் எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருகிறவர்கள். அதனால் மாஸ்டர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். யாருக்கும் அது உறுத்துவதில்லை.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. சர்ச் கொயரில் ரொம்ப காலமாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஜி, சி, டி, இ மைனர், நடுவே கம்பிகளைக் கவ்விச் சுருதியை ஏற்றுகிற ஒரு கேப்போ என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் கேரல் ரவுண்டுக்கு இளவட்டப் பையன்கள் போடும் பாட்டுகளில் இடையிசை எல்லாம் ஓட்டம். அதை கீபோர்டுக்காரனிடம் விட்டுவிட்டு நாம் கார்டு அடித்துக்கொண்டே நிற்பது எத்தனை வருஷத்துக்கு? முன்பு வேறு ஒரு ஊரில் ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறேன். வாரம் ஒரு பாட்டு, டேப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டத்தில், கை வைக்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும். எப்படி வைக்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இங்கே முதல் வகுப்பு முழுக்க அந்த 'எப்படி'தான். பாட்டுமில்லை, ஸ்கேல் என்கிற சுர வரிசையுமில்லை. இடது கை ஆள்காட்டி விரலை மூன்றாம் கம்பியில், ஐந்தாம் ஃபிரெட்டில் சும்மா தொட்டு வைக்கச் சொன்னார். அழுத்தக் கூடாது. வலது கையால் கம்பியை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 'டப் டப்' என்று செத்த சத்தம்தான். "இனி கொஞ்சம் கொஞ்சமா அமுத்து மக்களே. ஒச்சை எப்ப வருதுன்னு பாரு" என்றார். கொஞ்சம் அழுத்தினால் கரகரப்பு. இன்னும் ஒரு பொட்டு அழுத்தினால் சுரம் தெளிவாக விழுகிறது. "அங்க நில்லு. அவ்வளவுதான் வேணும். மிச்சம் எல்லாம் வெறுதே." வீண் என்று அர்த்தம். அதே விரலைக் கட்டம் முடிகிற இடத்து ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் நகர்த்தி வைத்தால் அதைவிடக் குறைந்த அழுத்தம் போதும். கட்டத்தின் நடுவில் வைத்தால் கூடுதலாக அமுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாகக் கொயரில் நான் செலவழித்த பலத்தில் பாதி தேவையே இல்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் கைக்குத் தெரிந்துவிட்டது. வேகமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார் மாஸ்டர். அமுக்கிப் பிடித்த விரலை எடுக்க நேரம் ஆகும். லேசாகத் தொட்ட விரல் உடனே அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

அடுத்து வருவது மெட்ரோனோம், வைத்த வேகத்தில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கிற கருவி. செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற செயலி இல்லை. குவைத்தில் இருந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்த, சாவி முறுக்கும் மரப் பிரமிட். தண்டு இடமும் வலமும் ஆடும், டக் டக் என்று அடிக்கும். ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் 1814-இல் செய்த கருவியில் அளவுக்கோட்டைச் சேர்த்து மெல்சல் என்பவர் 1815-இல் காப்புரிமை வாங்கிக்கொண்டார் என்ற கதையைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் விடமாட்டார். "பாடுபட்டவன் ஒருத்தன், பேரு வாங்கினவன் வேறொருத்தன், கேட்டியா?" என்று முடிப்பார். கொயர்க்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

அந்தப் பழைய கருவியை ஏன் விடாமல் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று காட்டுகிற அதன் எண்கள் ஒன்றொன்றாக ஏறுவதில்லை. 40-இலிருந்து 60 வரை இரண்டிரண்டாக ஏறும். பிறகு 63, 66, 69, 72. அதற்கு மேல் 120 வரை நாலு நாலாக, 144 வரை ஆறு ஆறாக, அங்கிருந்து 208 வரை எட்டு எட்டாக. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ நூற்றுக்கு நாலைந்து கூடுகிறது. 60-இலிருந்து 63-க்குப் போவதும் 120-இலிருந்து 126-க்குப் போவதும் கைக்கு ஒரே அளவு சிரமம். செயலியில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே போகலாம். 60, 61, 62 என்று போனால் வித்தியாசமே தெரியாது. தெரியாததால் எங்கே கெட்டுப்போனோம் என்பதும் தெரியாது. இந்தப் பிரமிடில் ஒரு படி ஏறினால் கை உடனே சொல்லிவிடும். ஐந்து தடவை தொடர்ச்சியாகச் சுத்தமாக விழுந்தால் ஒரு படி ஏறலாம். ஒரு சுரம் பிசகினாலும் இரண்டு படி இறங்க வேண்டும். வகுப்பில் இருக்கிற ஒரே சட்டம் இது.

வாசிக்கத் தருவது என்ன? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆள்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டு விரல் வரை அடுத்தடுத்த நாலு ஃபிரெட், ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை, பிறகு திரும்பி வர வேண்டும். கிட்டார் படித்த எல்லோருக்கும் தெரிந்த பயிற்சிதான். யூடியூபில் ஆயிரம் கிடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து உங்கள் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்காத நேரத்தில் அது கம்பியை விட்டு எவ்வளவு தூரம் எழும்புகிறது? என் பேட்ச்சில் ஒரு பிளஸ் டூ பையனுக்கு அது கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். மோதிர விரலைத் தூக்கினால் சுண்டு விரலும் கூடவே வருவதற்குப் புறங்கையில் தசைநாண்களுக்கு நடுவே இருக்கிற இணைப்புகள்தான் காரணம். அதை அறுக்கவா முடியும்? பழக்கத்தான் வேண்டும். அதனால் அந்தப் பையனுக்கு மூன்றும் நாலும் மட்டும் தனியாக, ஒரே கம்பியில், 50-இல். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் மழை விட்டு வெயில் வந்த சமயத்தில் அவன் சுண்டு விரல் கம்பிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அடங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணைக் கூட்டாமலே வேகத்தைக் கூட்டுவது. தண்டு 60-இல் ஆடிக்கொண்டிருக்கும், ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அப்புறம் இரண்டு. அப்புறம் நாலு. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குச் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடியது ஞாபகம் வரும். அதேதான். மாஸ்டர் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே மூன்றையும் சேர்ப்பார், திஸ்ரம். அங்கேதான் எல்லோரும் மாட்டுவோம். இரண்டிலிருந்து நாலுக்குத் தாவுவது எளிது. மூன்றில் நிற்பதற்குக் காது வேண்டும். 60-இல் தட்டுக்கு நாலு என்றால் வினாடிக்கு நாலு சுரம். 120-இல் அதுவே எட்டு. நம் கேரல் பாட்டு இடையிசைகளுக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை.

எங்களுக்கு அருமனையில் கொஞ்சம் ரப்பர் உண்டு. புதிதாகப் பால்வெட்டுக்கு வருகிறவன் நூறு மரத்தை விடியுமுன்னே முடித்துவிட வேண்டும் என்று கத்தியை ஓட்டினால் பட்டையைத் தாண்டி உள்ளே காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முண்டு விழும், பிறகு அங்கே சரியாக வெட்டவே முடியாது. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டை சீவுகிற கை முதலில் வர வேண்டும், மரத்தின் எண்ணிக்கை தானாக வரும். தட்டுத் தடுமாறி வேகமாக வாசிப்பதும் இதே சங்கதி. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் படிக்கும். தப்பை நூறு தடவை செய்தால் தப்பு நன்றாகப் படிந்துவிடும்.

ஆனால் படிப்படியாக ஏறுவது மட்டும் போதும் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கட்டத்தில் எல்லோரும் முட்டி நிற்கிறோம். எனக்கு அது 100 பக்கம். 96 சுத்தமாக இருக்கும், 100-இல் கலையும், 92-க்கு இறங்கித் திரும்ப வந்தாலும் அதே கதை. மெதுவாக வாசிக்கும்போது, கம்பியை மீட்ட வலது கையில் பிடிக்கிற பிக் அகலமாக ஆடினாலும் நேரம் இருக்கிறது, சமாளித்துவிடலாம். வேகத்தில் அந்த அசைவுக்கு இடமே இல்லை. அதாவது மெதுவாகச் செய்த அசைவு வேறு, வேகத்துக்கு வேண்டிய அசைவு வேறு. வேகமாக வாசித்துப் பார்க்காமல் அந்த இரண்டாவது அசைவு என்னவென்றே கைக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் இந்த மாஸ்டருக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். "பைய, பைய" என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று மெட்ரோனோமை 138-க்கு வைத்தார். நாலே நாலு சுரம், அடுத்த தட்டில் ஒரு சுரம், நிறுத்து. இரண்டு தட்டு மூச்சு விடு. மறுபடி நாலு. துண்டு துண்டாக, கை இறுகுவதற்குள் முடிந்துவிடும். அதில் பிக் எவ்வளவு சின்னதாக ஆடியது, எங்கிருந்து ஆடியது என்று கவனித்து, அதே சின்ன அசைவை 80-க்குக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். ஏணி வழி ஏறுவதும் உண்டு, மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவதும் உண்டு. நான் 100-ஐத் தாண்டியது இதனால்தான்.

பிக் பற்றி இன்னும் ஒன்று. ஒன்று இரண்டு மூன்று நாலு பயிற்சியில் வேகம் வந்தவனுக்கு ஸ்கேல் வாசித்தால் வேகம் வராது. ஏன் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொன்னதில்லை. கீழே, மேலே, கீழே, மேலே என்று நாலு சுரம் அடித்தால் கடைசி அடி மேல்நோக்கிப் போகிறது. பலருக்கும் பிக் லேசாகச் சாய்ந்திருப்பதால் மேல் அடியில் அது கம்பிகளை விட்டு வெளியே வந்துவிடும். அடுத்த கம்பிக்குத் தாராளமாகப் போகலாம். ஸ்கேலில் ஒரு கம்பிக்கு மூன்று சுரம். மூன்றாவது அடி கீழ்நோக்கி முடியும், பிக் இரண்டு கம்பிகளுக்கு இடையே சிக்கி நிற்கும், அங்கிருந்து குதித்துத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் குதிப்புதான் தடை. இதற்கு மாஸ்டர் சொல்லும் வழி, ஒவ்வொரு கம்பிக்கும் இரட்டைப்படை எண்ணிக்கையில் சுரம் வருகிற மாதிரி விரல்களை மாற்றி அமைப்பது, முடியாத இடத்தில் ஒரு சுரத்தைப் பிக் இல்லாமல் விரலால் தட்டி எழுப்புவது. "எல்லாத்தையும் பிக்கால அடிக்கணும்னு பைபிள்ல எழுதியிருக்கா?" என்பார்.

சாமான் விஷயத்தில் அவர் யாரையும் செலவுக்கு இழுப்பதில்லை. என்னிடம் இருப்பது யமஹா எஃப்310. அதையே போதும் என்றுவிட்டார். மாற்றச் சொன்னது இரண்டே. ஸ்ட்ரம்முக்கு நான் வைத்திருந்த 0.46 மில்லிமீட்டர் பிக் வளைந்து திரும்பி வர நேரம் எடுக்கிறது. ஒற்றைச் சுரத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவில் வளையாத பிக் வேண்டும். டன்லப் ஜாஸ் 3 இருந்தால் நல்லது, 1.38 மில்லிமீட்டர், சின்னது, முனை கூர்மை. முதல் வாரம் கையிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், பழகிவிடும். இரண்டாவது, கம்பி உயரம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்வார். நம் ஊர் ஈரத்தில் இது முக்கியம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. மரம் ஈரம் குடித்து முன்பலகை உப்பும், கம்பி மேலே ஏறும், விரல் பாடாகப் படும். பெட்டிக்குள் போட்டு வைக்க, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நான் கடையிலிருந்து சேர்த்துக் கொண்டுபோய்ப் பேட்ச்சுக்கே கொடுத்திருக்கிறேன்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நோட்டு போடச் சொல்வார். தேதி, பயிற்சி, எண். அவ்வளவுதான். வகுப்பில் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவைத்து இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு வருகிறவர்களை நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். தினம் காலையில் இருபது நிமிஷம், முடிந்தால் ராத்திரி ஒரு இருபது. நேற்று வராதது இன்று காலையில் தானாக விழுவதை நானே பார்த்திருக்கிறேன். உறக்கத்திலும் மூளை அந்த அசைவைப் பதித்துக்கொண்டிருக்கிறது. விரல் நுனி காந்தினால் பரவாயில்லை, தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்குக் கிட்டார் பெட்டிக்குள். இதில் மாஸ்டர் கறார். மருந்துக்கடைக்காரன் என்பதால் நானும் சொல்கிறேன், வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டாம்.

குறைகளும் உண்டு. பாட்டு சொல்லித்தரவே மாட்டார். கேட்டால், "கை வந்தா பாட்டு நீயே எடுப்ப" என்பார். எனக்குச் சரி, ஆனால் பத்து வயதுப் பிள்ளையை ஆறு மாதம் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று உட்காரவைத்தால் அது கிட்டாரையே வெறுத்துவிடும், இரண்டு பிள்ளைகள் நின்றுபோனதைக் கண்ணால் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளை இங்கே சேர்க்காதீர்கள். ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் கிடையாது. டிரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயார் செய்வதில்லை, சர்டிபிகேட் வேண்டுமென்றால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோதான் பார்க்க வேண்டும். மழை வலுத்தால் தகரத்தின் இரைச்சலில் மெட்ரோனோம் கேட்காது. தண்டைக் கண்ணால் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஊர்த் திருவிழா, கன்வென்ஷன் வந்தால் வகுப்பு முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகும், ஈடு வகுப்பும் இருக்காது. கார் நிறுத்த இடம் இல்லை.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நாலு சுரக் கணக்கில் 60-இல் தொடங்கி இப்போது 112-இல் சுத்தமாக நிற்கிறேன். பெரிய வித்வான் வேகமில்லை. சின்னப் பையன்கள் 160-இல் ஓடுகிறார்கள். ஆனால் போன கேரல் ரவுண்டில் இரண்டு பாட்டுக்கு இடையிசை நான்தான் வாசித்தேன், கீபோர்டுக்காரன் கார்டு பிடித்தான். அதைவிட, ஸ்ட்ரம் வாசிக்கும்போதும் கை களைப்பதில்லை. எதிர்பார்க்காத லாபம் அது.

1000 ரூபாய்க்கு மோசமில்லை. ஐந்துக்கு நாலு தருவேன். ஒன்றைப் பாட்டே இல்லாததற்காகக் குறைத்தேன். சேர நினைப்பவர்கள் டிசம்பரில் போகாதீர்கள், கேரல் முடியும்வரை புது ஆள் எடுக்கமாட்டார். ஜனவரி பாதியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் பிடிபடமாட்டார். சொந்தக் கிட்டாரையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொண்டுபோங்கள்.